அறியாமற் சொன்ன சொல்

2024-ம் வருஷத்தில் ஒரு தமிழ்த் திரைப்படம் தன் பெயரை மாற்றிக்கொண்டு வெளிவந்தது. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளரைப் பற்றிய கதையுள்ள அப்படத்துக்கு முதலில் இட்டிருந்த பெயர் 'வடக்கன்' என்பது. தணிக்கை அதிகாரிகள் அப்பெயரை ஆட்சேபித்தனர். படம் 'ரயில்' என்ற பெயருடன் வெளியாயிற்று. வடக்கிலிருந்து வந்தவனை வடக்கன் என்பதில் குற்றம் என்ன இருக்கிறது, திசையைக் குறிக்கும் சொல் எப்படி வசைச் சொல்லாகும் என்ற கேள்வி எழுவது இயல்பே.

விஷயம் அற்பமானதுபோலத் தோன்றினும், அதனடியில் இருக்கும் பிரச்னை அற்பமானதன்று. தீய எண்ணம் சிறிதுமின்றி நாம் தினந்தோறும் வழங்கும் ஒரு சொல்லோ, வீட்டில் புழங்கும் ஒரு பொருளோ, வேறோர் இனத்தாரை அவமதிக்கக்கூடுமா? கூடுமாயின், அக்குற்றத்துக்குப் பொறுப்பாளி யார்? இன்று உலகத்தின் பல தேசங்களிலும் இக்கேள்வி நியாயஸ்தலங்களிலும், பள்ளிக்கூடங்களிலும், கடைவீதிகளிலும்கூட விவாதிக்கப்பட்டு வருகிறது. ஒரு சாரார், "சொன்னவன் மனத்தில் களங்கமில்லையேல் சொல்லிலும் களங்கமில்லை" என்கின்றனர். மற்றொரு சாரார், "கேட்டவன் மனம் நொந்துவிட்டதென்றால் அதற்குமேல் விசாரணை வேண்டுவதில்லை" என்கின்றனர். இவ்விரண்டு கட்சிகளில் எதனையும் நாம் முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. காரணங்களை விளக்குவோம்.

இவ்விஷயத்தில் தமிழருக்குப் பிறர் பாடம் கற்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'கூலி' என்ற சொல்லின் சரித்திரம் ஒன்றே போதும். செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் என்பது அதன் பொருள். அதைக்காட்டிலும் நாணயமான சொல் நம் பாஷையில் அரிது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' இதிலிருந்தே சென்றதெனப் பலரும், குஜராத்திலுள்ள கோலி வகுப்பாரின் பெயரிலிருந்து வந்ததெனச் சிலரும் கூறுவர். எதுவாயினும், கடல் கடந்தபின் அச்சொல்லுக்கு நேர்ந்த கதி நாம் அறிந்ததே.

1860-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரையில் நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டுபோகப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். இவர்களுள் தமிழரும் தெலுங்கருமே பெரும்பாலோர். ஆரம்பத்தில் கூலி வேலை செய்பவனைக் குறித்த சொல், விரைவில் இந்தியன் ஒவ்வொருவனையும் குறிக்கலாயிற்று. வியாபாரி 'கூலி வியாபாரி' ஆனான். 1893-ல் அங்கே சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். ஊதியத்தின் பெயர் தொழிலாளியின் பெயராகி, தொழிலாளியின் பெயர் ஓர் இனத்தின் பெயராகி, இனத்தின் பெயர் வசவாகி முடிந்தது.

தமிழருக்கு அங்கே மற்றொரு பெயரும் கிடைத்தது. இராமசாமி, முத்துசாமி, குப்புசாமி என்று தமிழரில் பலர் பெயர் வைத்துக்கொள்வதைக் கண்ட வெள்ளையர், இந்தியர் யாவரையும் 'சாமி' என்று கூப்பிடத் தொடங்கினர். சாமி என்றால் எஜமானன் என்று பொருள். ஆகவே, "என்னைச் சாமி என்கிறாயே, நான் உனக்கு எஜமானனல்லவே" என்று துணிவுள்ள சில இந்தியர் பதிலளித்ததுண்டு எனக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தெய்வத்துக்கு வழங்கும் பெயரையே இழிசொல்லாக்க முடியுமென்றால், உலகத்தில் எச்சொல்தான் தன்னளவில் பத்திரமானது?

அக்காலத்து வெள்ளையர் எல்லோரும் துவேஷத்தினால்தான் இப்படிக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். அநேகர் வழக்கம் பற்றியே சொல்லியிருப்பார்கள். "உங்கள் பாஷைச் சொல்தானே" என்று அவர்கள் சமாதானமும் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அந்தச் சமாதானம் நமக்குச் சம்மதமாயிருந்ததா? அகராதியில் உள்ள பொருளை எடுத்துக் காட்டி நம் வாயை அடைக்க ஒருவன் முயன்றிருந்தால் அதை நாம் பொறுத்திருப்போமா? சொல்லின் பொருள் அகராதியில் இருப்பது பாதி. யார், யாரை, எந்த நிலையில் வைத்து, எத்தனை காலமாகச் சொல்லி வந்தனர் என்பதே மற்றப் பாதி. இதை நாம் கண்டுகொண்டது தோட்டத்தில், புத்தகத்தில் அன்று.

அதே தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நியாயஸ்தலம் 2018-ம் வருஷத்தில் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே கவனிக்கத்தக்கது. ருஸ்டன்பர்க் பிளாட்டினச் சுரங்கத்தில் வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றிய தகராறில், வெள்ளை ஊழியர் ஒருவர், "அந்தக் கறுப்பு மனிதனின் வண்டியை அப்புறப்படுத்து" என்று கூறியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டு வேலையினின்று நீக்கப்பட்டார். 'கறுப்பு', 'மனிதன்' என்னும் இரண்டும் சாதாரணச் சொற்கள். பெயர் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட அவை வழங்கப்பட்டிருக்கலாம், தம்மளவில் அவை நடுநிலையானவை என்று தொழில் அப்பீல் கோர்ட்டு கருதியது. அரசியல் சட்ட நியாயஸ்தலம் இதை ஏற்கவில்லை. நிறவெறி ஆட்சி அந்நாட்டு ஜனங்களின் உறவில் விட்டுச் சென்ற விஷத்தை மறந்துவிட்டு, சொற்கள் நடுநிலையானவை என்ற அனுமானத்தோடு விசாரணையைத் தொடங்குவதே பிழை என்று அது கூறிற்று. சொன்னவன் தன் மனத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அளவுகோலாகாது; நிலைமையை அறிந்த நியாய புத்தியுள்ள ஒருவர் கேட்டால் அதில் இழிவு தொனிக்கிறதா என்பதே அளவுகோல் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சொல்லுக்குச் சொன்னது பொருளுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் குழந்தைகள் படம் வரையும் மெழுகு வர்ணக் குச்சிகளைச் செய்யும் 'கிரேயோலா' கம்பெனி, வெள்ளையரின் தோலை ஒத்த ஒரு வர்ணத்துக்கு 'சதை நிறம்' என்று நெடுங்காலம் பெயரிட்டிருந்தது. 1962-ல் அதற்குப் 'பீச்' என்ற பழத்தின் பெயரை வைத்தார்கள். முதலில் பெயர் வைத்தவனுக்குக் கறுப்புக் குழந்தையை அவமதிக்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. அவன் கறுப்புக் குழந்தையை நினைக்கவே இல்லை என்பதுதான் விஷயம். தன் கையிலுள்ள குச்சியின் மேல் 'சதை' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதைத் தன் கைத்தோலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு நீலக்கண்ணில்லாக் குழந்தைக்கு, மனிதர் என்ற கணக்கில் தான் சேரவில்லையோ என்ற ஐயம் உண்டாகுமன்றோ? பிறரை நினையாமையும் ஒருவகை அவமதிப்பே.

மற்றோர் உதாரணம் சமையலறையைச் சேர்ந்தது. சயாம் தேசத்துக் குழம்புகளில் வாசனைக்காக இடும் ஒருவகை எலுமிச்சை இலைக்கு ஆங்கிலத்தில் 'காஃபிர் லைம்' என்று பெயர். அப்பெயர் வந்த விதத்தைப் பற்றி அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் 'காஃபிர்' என்ற சொல் சென்ற வழி தெரிந்ததே. இஸ்லாத்தை ஏற்காதவர் என்னும் பொருளுள்ள அராபியச் சொல்லைக் கிழக்காப்பிரிக்கக் கரையில் போர்த்துகீசியர் கேட்டறிந்தனர். அவர்களிடமிருந்து டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பெற்றனர். தென்னாப்பிரிக்காவில் அது கறுப்பு மக்களை நாயினும் கீழாக விளிக்கும் சொல்லாயிற்று. அங்கே 2018-ல் போலீஸாரை அச்சொல்லால் திரும்பத் திரும்ப வைத வெள்ளை மாது ஒருத்திக்குச் சிறைத் தண்டனையே விதிக்கப்பட்டது. எலுமிச்சை இலை விற்கும் கடைக்காரனுக்கு இதில் சம்பந்தம் ஒன்றுமில்லைதான். எனினும் இங்கிலாந்தின் 'வெயிட்ரோஸ்' கடைகள் 2022-ல் அப்பெயரை விட்டு, சயாம் மொழிப் பெயரைத் தழுவிய 'மக்ரூட்' என்ற பெயரை மேற்கொண்டன. இலையின் வாசனை குறைந்துவிடவில்லை. வாங்குவோரில் எவர்க்கும் நஷ்டமுமில்லை.

ஆனால் அதே சொல் இலங்கையில் வேறுவிதமாக வழங்குகிறது. போர்த்துகீசியர் முதலியோரால் படைவீரராகவும் ஏவலாளராகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியார் புத்தளத்தையடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் தங்களைக் காப்பிரிகள் என்றே சொல்லிக்கொள்கின்றனர். அப்பெயரில் அவர்களுக்கு வெட்கமில்லை. ஒரு நாட்டில் சிறைக்கு அனுப்பும் சொல் மற்றொரு நாட்டில் குலப்பெயராயிருக்கிறது. இதனால் தெரிவது யாது? எழுத்திலும் ஓசையிலும் குற்றமில்லை. அதைச் சுமப்பவனுக்கு அதனால் நேர்ந்த அனுபவத்திலேயே குற்றம் உண்டு, அல்லது இல்லை. ஆகையால் அச்சொல் தகுமா தகாதா என்று தீர்ப்புக் கூறும் உரிமை, அப்பெயரைச் சுமப்பவனுக்கே முதலாவதாக உரியது.

இந்த உண்மைக்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சாட்சி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலை நிமிர்ந்து தாமே சொல்லிக்கொள்வது அவர் கண்ட வழி. எம். சி. ராஜா 1922-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அப்பெயரையும் 'பஞ்சமர்' என்பதையும் சர்க்கார் தஸ்தாவேஜுகளினின்று நீக்கி, 'ஆதி திராவிடர்' என வழங்கச் செய்தார். இருவரும் ஒரே சமூகத்தின் தலைவர்கள். ஒருவர் பெயரை ஏந்தினார், மற்றவர் களைந்தார். இரண்டும் நியாயமே, ஏனெனில் இரண்டையும் செய்தவர்கள் அதற்குரியவர்கள். ஆனால் அப்பெயரைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட ஆங்கிலேயனோ, தேசங்களின் கூட்டத்தினின்று விலக்கப்பட்ட தேசத்தைப் 'பரையா' தேசம் என்று இன்றுவரை எழுதி வருகிறான். பறை என்னும் வாத்தியத்தின் பெயரோடு சேர்ந்த பெயர் அதுவென்றும், அதைத் தாங்கிய லட்சக்கணக்கான மக்கள் உயிரோடிருக்கின்றனரென்றும் அப்பத்திரிகாசிரியர்களில் எத்தனை பேர் அறிவர்? அறியாமற் சொன்ன சொல்லும் அவமதிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

இனி மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். 1999-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் வாஷிங்டன் நகர மேயரின் உத்தியோகஸ்தர் ஒருவர், வரவு செலவைப் பற்றிப் பேசுகையில் கஞ்சத்தனத்தைக் குறிக்கும் 'நிக்கர்ட்லி' என்ற ஆங்கிலச் சொல்லை வழங்கினார். கறுப்பு மக்களை இழித்துக் கூறும் ஒரு சொல்லின் ஓசையை அது ஒத்திருப்பதால் கேட்டவர் புண்பட்டனர்; கிளர்ச்சி எழுந்தது; அவர் ராஜிநாமாச் செய்தார். உண்மையில் இரு சொற்களுக்கும் யாதொரு உறவுமில்லை. கறுப்பு மக்களின் உரிமைக்காகப் பாடுபடும் பழம்பெரும் சங்கத்தின் தலைவராயிருந்த ஜூலியன் பாண்டே இந்த ராஜிநாமா தேவையற்றது என்று கண்டித்தார். பின்னர் மேயர் அவரை மீண்டும் வேலைக்கு அழைத்துக்கொண்டார். அதே வருஷத்தில் கிரேயோலா கம்பெனி 'இந்தியச் சிவப்பு' என்ற வர்ணத்தின் பெயரையும் மாற்றிற்று. இந்தியாவினருகே கிடைத்த ஒரு செம்மண் வர்ணத்தின் பெயர் அது. அமெரிக்க ஆதிக்குடிகளின் தோலைக் குறிப்பதாகக் குழந்தைகள் கருதுகிறார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சினர்.

இவ்விரண்டில் முதலாவதில் அநியாயம் நடந்தது என்பது நமது அபிப்பிராயம். ஓசை ஒப்புமைக்காக ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிப்பது நியாயமன்று. அடிமைப்படுத்திய சரித்திரம் உள்ள சொல் வேறு; அதன் ஓசையை மட்டும் ஒத்த சொல் வேறு. இந்தப் பாகுபாட்டைச் செய்யாதவர்கள் தங்கள் கட்சிக்கே கெடுதல் செய்கின்றனர். பொய்யான பத்து ஆட்சேபங்கள் எழுந்தால், மெய்யான ஓர் ஆட்சேபத்தையும் ஜனங்கள் பரிகசித்து ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவதில் ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. குழந்தைகளின் பொருட்டுப் பெயரொன்று மாறிற்று. அதில் நமக்கு வருத்தமில்லை. மனிதனைத் தண்டிப்பதற்கு வேண்டிய காரணம் பெரிது. சொல்லை மாற்றுவதற்கு வேண்டிய காரணம் சிறிது.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றிப் பேசாவிடில் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. காந்தியடிகள் 1890-களில் எழுதிய விண்ணப்பங்களிலும் பிரசங்கங்களிலும், இந்தியரைக் காப்பிரிகளின் நிலைக்குத் தாழ்த்த வெள்ளையர் முயல்கின்றனர் என்று முறையிட்டார். 'கூலி' என்ற சொல்லால் சுடப்பட்டவரின் பேனாவிலிருந்தே 'காப்பிரி' என்ற சொல் பிறந்தது. அது அக்காலத்தில் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலும் வழங்கிய சொல் என்பதும், பிற்காலத்தில் அவர் கருத்துக்கள் விரிந்து வளர்ந்தன என்பதும் வாஸ்தவமே. ஆயினும் 2016 ஜூன் மாதம் நம் ராஷ்டிரபதி பிரணாப் முகர்ஜி கானா சர்வகலாசாலையில் திறந்துவைத்த காந்தி சிலையை, அங்குள்ள பேராசிரியர்கள் அந்தப் பழைய எழுத்துக்களை எடுத்துக் காட்டி ஆட்சேபித்தனர்; 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. நம் நாட்டில் இதைக் கேட்டு மனம் நொந்தோர் பலர். நாமும் நொந்தோம். ஆனால் நொந்த மனம் ஒரு கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: 'கூலி' என்ற சொல்லை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் மறவாத நாம், 'காப்பிரி' என்ற சொல்லை மறந்துவிடும்படி ஆப்பிரிக்கரை எந்த முகத்தோடு கேட்பது?

தமிழ்ப் பத்திரிகைகளும் இதில் குற்றமற்றவை அல்ல. 'காப்பிரி', 'நீக்ரோ' என்னும் சொற்களை நெடுங்காலம் யோசனையின்றி அச்சிட்டு வந்தவை அவை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை வியர்வையால் வளர்த்த நம்மவரைக் 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் அழைத்தோரில் தமிழ் பேசுவோரும் இருந்தனர். அம்மக்கள் இன்று தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொண்ட பெயர் 'மலையகத் தமிழர்'. 2014 ஜனவரியில் டில்லி நகரில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவரின் தலைமயிரைக் கடைக்காரர் சிலர் பரிகசித்தனர். பரிகாசம் சண்டையாகி, அடிபட்ட மாணவர் மாண்டார். அதன் பின்பே பெஸ்பரூவா கமிட்டி அமைக்கப்பட்டு, வடகிழக்கு மக்கள் நகரங்களில் படும் அவமதிப்பு ஆராயப்பட்டது. விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கப்படுவது எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டா.

இனி 'வடக்கன்' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். வடநாட்டில் நம்மை 'மதராஸி' என்று அழைத்தார்கள். அதுவும் ஊரைக் குறிக்கும் சொல்தான். எனினும் அது சொல்லப்பட்ட தொனி நமக்குத் தெரியும். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பாலங்களைக் கட்டுகிறவனும், நம் உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவுகிறவனும் 'வடக்கன்' என்ற சொல்லில் கேட்பது திசையை அன்று. 2023 மார்ச்சு மாதத்தில் வடநாட்டுத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, தொழிலாளர் அஞ்சி ஊர் திரும்பத் தொடங்கினர். சர்க்கார் அப்புரளியை உடனே மறுத்தது, மறுத்தது சரியே. ஆனால் பொய் அவ்வளவு எளிதில் நம்பப்பட்டதற்கு, அவர்கள் அன்றாடம் கேட்டுவந்த தொனியும் ஒரு காரணமாயிருந்திருக்காதா என்பதை நாம் ஆற அமர யோசிக்க வேண்டும்.

தணிக்கை அதிகாரிகள் ஒரு பெயரைத் தடுத்தது சரியா என்பது வேறு விவாதம். சொல்லைச் சட்டத்தால் ஒழிப்பது கடினம்; ஒழித்தாலும் எண்ணம் வேறு சொல்லைத் தேடிக்கொள்ளும். 2020-ல் 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற முகப்பூச்சு 'குளோ அண்டு லவ்லி' ஆயிற்று. பெயரிலிருந்து வெண்மை போயிற்று. பெண் பார்க்கச் செல்வோர் நிறம் விசாரிப்பது போயிற்றா? பெயர் மாற்றம் மனமாற்றத்துக்கு ஆரம்பமாயிருக்கலாம், அதற்குப் பிரதியாகாது.

ஆகவே நமது முடிவு இது. அறியாமற் சொன்னவன் குற்றவாளியல்லன். அவனைப் பழிப்பதும் பகிஷ்கரிப்பதும் தகா. ஆனால் அவன் அறியாமை, சொல் உண்டாக்கிய புண்ணை ஆற்றிவிடாது. அதைச் சுமப்பவன், "இது என்னைச் சுடுகிறது" என்று சொன்ன கணத்தில் அறியாமை என்ற சலுகை தீர்ந்துபோகிறது. அதன் பின்னும், "எனக்குத் தீய எண்ணமில்லை" என்று கூறிக்கொண்டே அதே சொல்லைச் சொல்பவனுக்குத் தீய எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது.

'கூலி' என்ற நம் சொல்லை நாம் விட வேண்டியதில்லை. நம் நாட்டில் அது உழைப்பின் விலையைக் குறிக்கும் சொல். 2025-ல் ஒரு பெரும் திரைப்படம் அப்பெயரையே சூட்டிக்கொண்டு வந்தபோதும் இங்கே எவரும் முகஞ் சுளிக்கவில்லை. அது நம்முடையது, அதை ஏந்தவும் களையவும் நமக்கு உரிமையுண்டு. அதே உரிமை ஆப்பிரிக்கனுக்கும், அருணாசலப் பிரதேசத்தானுக்கும், நம் தெருவில் மூட்டை சுமக்கும் பீகாரிக்கும் உண்டென்று ஒப்புக்கொள்வதே நியாயம். அவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்பெயரால் அழைப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், எந்தக் கமிட்டியும் வேண்டாம். டர்பன் தோட்டத்தில் நம் முன்னோர் வெள்ளையனிடம் எதிர்பார்த்து ஏமாந்தது அவ்வளவுதான்.